விரல் ஓடலைன்னா கையைப் பாருங்க: பியானோ கேள்வி பதில்

கோயமுத்தூர்ல பியானோ சொல்லித் தர்றேன். விரலும் கையும் சேர்ந்து வேலை செய்யற பயிற்சிகளைப் பத்திக் கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். முதல்லயே ஒண்ணு: வாசிக்கறப்ப வலிச்சா நிறுத்திடணும். பல்லைக் கடிச்சுட்டு வாசிச்சா விரல் தேறிடும்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க.

பொள்ளாச்சி: விடியக்காலம் மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டு வந்து உட்காருவேனுங்க மிஸ். அஞ்சு நிமிஷத்துல முன்கை இறுகிப் போகுது. விரல்ல பலம் பத்தலீங்களா?

பலம் தேவைக்கு மேலயே இருக்குங்ணா. ஒரு பியானோ கீ இறங்க சுமார் 50 கிராம் எடை போதும். இடது கையால வலது முன்கையைப் பிடிச்சுட்டு, வலது கை விரல்களை ஆட்டிப் பாருங்க. உள்ள அசையறது தெரியும். விரலுக்குள்ள தசையே கிடையாது. விரலை மடக்கற பெரிய தசைகள் முன்கையில இருந்துதான் இழுக்குது. காம்பைப் பிடிச்சுக் கறந்ததும் அதே தசைங்கதான். ஏற்கெனவே களைச்சதை மறுபடி வேலை வாங்கறீங்க.

அதனால நேரத்தை மாத்துங்க. சாயங்காலக் கறவைக்கு முன்னாடி, மத்தியானம் உட்காருங்க. முதல் பத்து நிமிஷம் ஸ்கேல் (சுரங்களை வரிசையா ஏறி இறங்கி வாசிக்கறது) வேண்டாம். முன்கையைக் கொஞ்சம் தூக்கி, நடுவிரல் ஒரு கீ மேல வர்ற மாதிரி அப்படியே விழ விடுங்க. அடிக்கக் கூடாது, விழணும். சத்தம் வந்ததும் மணிக்கட்டு லேசா இறங்கி, தானா மேல வரணும். வீட்ல யாரையாவது முழங்கையைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்க. கை தளர்ந்து ஆடுச்சுன்னா சரி. விறைச்சு நின்னா இன்னும் தோள்ல பிடிச்சுட்டிருக்கீங்க. அப்புறம் ரெண்டு சுரம்: முதல் சுரத்துக்குக் கை இறங்கும், ரெண்டாவதுக்கு மணிக்கட்டு ஏறும். ஒவ்வொரு விரல் ஜோடிக்கும் இதைச் செய்யுங்க.

திருப்பூர்: 61 கீ இருக்கற கீபோர்டு போதுங்களா?

சுரம் தெரிஞ்சுக்கப் போதும். கை எடையைக் கீ மேல இறக்கிப் பழக, நிஜ பியானோ மாதிரி சுத்தியல் எடை (கம்பியைத் தட்டற சுத்தியலோட கனம்) இருக்கற 88 கீ வேணும்.

பீளமேடு: நான் வாய்ப்பாட்டு படிச்சவ, மிஸ். சரளி வரிசையை (கர்நாடக சங்கீத ஆரம்பப் பாடம்) பியானோவுல வாசிச்சா விரல் பயிற்சியாகுமா, இல்ல வெஸ்டர்ன் பயிற்சி தனியாப் படிக்கணுமா?

நல்ல கேள்வி கேட்டீங்க அம்மணி. மாயாமாளவகௌளையை (சரளி வரிசை பாடற ராகம்), ஸட்ஜத்தை 'ஸி' கீயில வெச்சா ரிஷபமும் தைவதமும் மட்டும் கறுப்புக் கீ. விரல் எண், கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. வலது கைக்கு 1-2-3, 1-2-3-4-5. இடது கைக்கு 5-4-3-2-1, 3-2-1. ஸி மேஜருக்குப் போடற அதே விரல்தான். கட்டைவிரல் எங்கயும் கறுப்புல விழாது. ஆனா 'ஸி' மேஜர்ல கை ஒரே கோட்டுல போகும். இங்க ரிஷபத்துக்குக் கை கொஞ்சம் உள்ள போய் வரணும். காந்தாரத்துக்கு அப்புறம் கட்டைவிரலை அடியில நுழைச்சு எட்டாதீங்க. முன்கையை மத்யமத்துப் பக்கம் நகர்த்துங்க, கட்டைவிரல் தானா அங்க இருக்கும்.

ஒவ்வொரு சுரமும் ரெட்டையா வர்ற ஜண்டை வரிசை இன்னும் விசேஷம். பாடறப்ப ரெண்டாவது சுரத்துக்குத்தானே அழுத்தம்? முதல் அடியை விரல் நுனியில லேசா வாசிச்சு, ரெண்டாவதுக்குக் கை எடையை விடுங்க. மேல ரெண்டு சுரத்துக்குச் சொன்னதுக்கு இது நேர் எதிர். ரெண்டும் வந்துட்டா மணிக்கட்டு உங்க பேச்சைக் கேட்கும். தாட்டு வரிசைல தாண்டற இடமெல்லாம் முழங்கைக்கு வேலை. மூணு காலம், அதாவது மூணு வேகம், உங்களுக்குத் தெரியும். ஒண்ணாம் காலத்துலயே கை இறுகுச்சுன்னா ரெண்டாம் காலம் போகாதீங்க.

ஈரோடு: மன்னிக்கோணும் மிஸ். எங்க மாஸ்டர் ஹேனன்கிறவரோட விரல் பயிற்சிப் புத்தகம்தான் அஸ்திவாரம்பார். விரலை நல்லா உயரத் தூக்கி அடிக்கணும்னு அந்தப் புத்தகத்துலயே போட்டிருக்கு. நீங்க விழ விடு, நகர்த்துன்னே சொல்றீங்க.

போட்டிருக்குதான். 1873-ல வந்த புத்தகம், 60 பயிற்சி. தூக்கினா விரல் தனித்தனியாச் சுதந்திரமாகும்னு கணக்கு. ஒரு சோதனை பண்ணுங்க. உள்ளங்கையை மேசை மேல வெச்சு, நடுவிரலை மட்டும் உள்ள மடக்கிக்கோங்க. இப்ப மோதிரவிரலைத் தூக்குங்க.

ஈரோடு: வரலீங்க. அதுக்குத்தானே பயிற்சி?

பயிற்சி பண்ணாலும் வராது. புறங்கையில மோதிரவிரலோட தசைநாண் பக்கத்து விரல்களோட இணைஞ்சிருக்கு. அது உடம்போட அமைப்பு, சோம்பேறித்தனம் இல்ல. அமைப்போட மல்லுக்கட்டாதீங்க. ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமான் கதை தெரியுமில்ல? வலது நடுவிரல் போய், வாத்தியக் கலைஞராகற ஆசையையே இருபது வயசு சொச்சத்துல விட்டார். காரணம் எதுன்னு இன்னும் வாதம் இருக்கு, ஆனா விரலுக்கு ஒரு கருவி மாட்டிப் பழகினது நிஜம்.

கரூர்: ஈரோட்டு அண்ணன் பக்கம் நானும். ரஷ்யக் கன்சர்வேட்டரிகள்ல (இசைக் கல்லூரி) ஹேனனைப் பரீட்சையிலயே வெச்சாங்கன்னு ரஷ்யப் பியானோ மேதை ரஹ்மானினோவே சொல்லியிருக்கார்.

சொல்லியிருக்கார். எப்படி வாசிக்கச் சொன்னாங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க: எல்லா ஸ்கேல்லயும். ஸி மேஜர்ல மட்டும் இல்ல. கறுப்புக் கீ மாறி மாறி வந்தா கை உள்ள போகணும், வெளிய வரணும், முழங்கை நகரணும். அப்ப அது கைப் பயிற்சியாயிடுது. பியானோ இசையமைப்பாளர் ஷோப்பான்கூட மாணவர்களுக்கு முதல்ல ஸி மேஜர் கொடுக்கல. ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி மேல அஞ்சு விரலையும் வெக்கச் சொன்னார். நீளமான மூணு விரலும் கறுப்புல உட்காரும், குட்டை விரல் ரெண்டும் வெள்ளையில. ஸ்கேலும் பி மேஜர்லதான் ஆரம்பம்.

ஹேனனைத் தூக்கிப் போடச் சொல்லல. தொலைக்காட்சி பார்த்துட்டே வாசிக்கறதை நிறுத்துங்க. அதைத்தான் நிறைய வீட்ல பண்றாங்க.

ஈரோடு: அப்ப சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்னைக்கும் நோஞ்சான்தானா? ட்ரில் (பக்கத்துப் பக்கத்து ரெண்டு சுரத்தை வேகமா மாத்தி மாத்தி வாசிக்கறது) எப்படி வாசிக்கறது?

விரலை மட்டும் நம்பாதீங்க. பூட்டுல சாவி திருப்பற மாதிரி முன்கையைத் திருப்பணும். முதல்ல கட்டைவிரலும் சுண்டுவிரலும், ஸி-ஜி, ஸி-ஜின்னு மெதுவா. திருப்பம் பெருசாத் தெரியட்டும். அப்புறம் 2-5, 3-5, கடைசியா 4-5. இடைவெளி குறையக் குறைய திருப்பமும் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாகும், ஆனா இருக்கும். இன்னொண்ணு, கீ அடிக்குப் போனப்புறம் அமுக்கிட்டே இருக்காதீங்க. மொத்தமே ஒரு சென்டிமீட்டர்தான் இறக்கம். கீ அடியைத் தொடறதுக்கு முன்னாடியே சுத்தியல் விடுபட்டுப் பறந்துடும். அதுக்கப்புறம் நீங்க அமுக்கறது மணிக்கட்டுக்குத் தண்டனை, சத்தத்துக்கு ஒண்ணும் ஆகாது.

கோபி: எங்க சர்ச் பியானோவுல மழைக்காலத்துல ரெண்டு கீ இறங்கினா ஏற மாட்டேங்குது. எண்ணெய் விடலாமுங்களா?

ஐயோ, விடவே விடாதீங்க. ஈரத்துல மரம் ஊதியிருக்கும். ட்யூனரைக் கூப்பிடுங்க. ரிப்பேர் என் துறை இல்ல.

உடுமலை: பையனுக்கு அஞ்சு வயசு. எந்தப் பயிற்சி?

பயிற்சி வேண்டாம், பாட்டு போதும். காலுக்கு அடியில பலகை போடுங்க. கால் தொங்கினா தோள் இறுகும். நாற்காலி உயரம், முழங்கை கீ மட்டத்துக்கு வரணும்.

நாமக்கல்: 61 கீ போதுமா மிஸ்?

மேல திருப்பூர்க்காரருக்குச் சொன்னதேதான்.

கரூர்: ஹேனன் முதல் பயிற்சியை ஈ ஃப்ளாட்ல வாசிச்சுப் பார்த்தேனுங்க. கட்டைவிரல் கறுப்புல வருதே, தப்பில்லையா?

அந்தப் பயிற்சியை அப்படித்தான் வாசிக்கணும். கட்டைவிரல் கறுப்புக்குப் போறப்ப விரலை நீட்டாம முன்கையோட மொத்தக் கையையும் மூடிப் பக்கம் தள்ளுங்க. மெட்ரோனோம் (தாளம் தட்டற கருவி) நிமிஷத்துக்கு 60-ல, ஒரு டிக்குக்கு ஒரே சுரம். வலிச்சா நிறுத்துங்க.

அவிநாசி: புதுசா கீபோர்டு வாங்கப் போறேன். 61-ஆ 88-ஆ?

ஏனுங்க, மேல ரெண்டு தடவை இருக்கு. படிச்சுப் பாருங்க. எனக்கு அஞ்சு மணி வகுப்புக்குப் பசங்க வந்துட்டாங்க.