ரெட்டிக் கவுண்ட்: ரிப்போர்ட்டில் ‘அதிகம்’ என்றால் அதிகம்தானா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 61. ஹீமோகுளோபின் 7.5, பிசிவி 22.5, சிவப்பணு 20 லட்சம், எம்சிவி 112. ரெட்டிக்குலோசைட் 3 சதவீதம். பக்கத்தில் ‘அதிகம்’ என்று குறி போட்டிருக்கிறது. எலும்பு மஜ்ஜை நன்றாக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: கூடாது. அந்தக் குறி, சோகை இல்லாதவர்களின் அளவோடு (0.5 முதல் 2.5 சதவீதம்) ஒப்பிட்டுப் போடப்படுவது. அம்மாவின் ஹீமோகுளோபின் 7.5 என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

ரெட்டிக்குலோசைட் என்பது மஜ்ஜையிலிருந்து புதிதாக ரத்தத்துக்கு வந்திருக்கும் இளம் சிவப்பணு. மொத்தச் சிவப்பணுக்கள் குறைந்துபோனால், இளம் அணுக்கள் ஒன்றுகூடக் கூடாமலேயே சதவீதம் ஏறிவிடும். அதனால் 3-ஐ அம்மாவின் பிசிவியால் (ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் இடத்தின் சதவீதம்) பெருக்கி, வழக்கமான பிசிவியான 45-ஆல் வகுக்க வேண்டும்: 1.5 வரும். இதோடு முடியவில்லை. சோகை கடுமையாக இருக்கும்போது மஜ்ஜை இளம் அணுக்களை முன்கூட்டியே வெளியே அனுப்பிவிடும். வழக்கமாக ஒரு நாள் ரத்தத்தில் இளசாக இருப்பவை இரண்டு நாள் அப்படியே இருக்கும். எண்ணிக்கையில் இரண்டு முறை விழும். ஆகவே பிசிவி 35-ஐ ஒட்டி இருந்தால் 1.5-ஆலும், 25-ஐ ஒட்டி 2-ஆலும், 15-ஐ ஒட்டி 2.5-ஆலும் மறுபடி வகுக்க வேண்டும். அம்மாவுக்குக் கிடைப்பது 0.75. இது 2-க்குக் கீழே இருந்தால் உற்பத்தி போதவில்லை. 3-ஐத் தாண்டினால் மஜ்ஜை ஈடுகொடுக்கிறது.

நேரடி எண்ணிக்கையும் இதையே காட்டும். 20 லட்சத்தில் 3 சதவீதம் 60,000. சோகை இல்லாதவருக்கே ஏறக்குறைய 25,000 முதல் 1,00,000 வரை இருக்கும். ஹீமோகுளோபின் 7.5-க்கு இறங்கிய உடம்பில் இது பலமடங்கு ஏறியிருக்க வேண்டும்.

எம்சிவி என்பது சிவப்பணுவின் சராசரி அளவு. 112 என்றால் அணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கின்றன; அதனால் முதல் சந்தேகம் பி12, ஃபோலேட் குறைபாடு. தைராய்டு, கல்லீரல், மஜ்ஜைக் கோளாறுகளையும் டாக்டர் பார்ப்பார். பி12 ஊசிக்கும் ரத்தம் ஏற்றுவதற்கும் முன்பே மாதிரி எடுத்துவிடுங்கள். பிறகு எடுத்தால் எண்கள் குழம்பும்.

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரமாகப் போடுகிறேன். ஹீமோகுளோபின் 8.4-லிருந்து 8.5 மட்டுமே. மாத்திரை வேலை செய்யவில்லையா?
– வாசகி, பல்லாவரம்

பதில்: ஒரு வாரத்தில் ஹீமோகுளோபினைப் பார்த்துப் பயனில்லை. முதலில் அசைவது ரெட்டிக் கவுண்ட்தான்: 3–5 நாளில் ஏறத் தொடங்கி 7–10 நாளில் உச்சத்துக்குப் போகும். ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏற மூன்று, நான்கு வாரம் ஆகும். அப்போதும் நகரவில்லை என்றால், மாத்திரையோடு டீ, காபி குடிக்கிறீர்களா, தினமும் அசிடிட்டி மாத்திரை எடுக்கிறீர்களா, மாதவிடாயிலோ மூலத்திலோ ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எம்சிவி மிகவும் குறைவாக இருந்தால் தலசீமியா மைனர் (பரம்பரையாக வரும் லேசான ஹீமோகுளோபின் கோளாறு) உண்டா என்றும் சோதிக்கச் சொல்வார்கள். ஹீமோகுளோபின் சரியானதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் வேண்டும்.

கேள்வி: வைவாக்ஸ் மலேரியாவுக்குப் பிரைமாகுயின் போட்ட மூன்றாம் நாள் தம்பிக்குச் சிறுநீர் கோலா நிறத்தில் போனது, கண் மஞ்சள். ஒரு வாரம் கழித்து பிசிவி 24, ரெட்டிக் 12 சதவீதம். ஜி6பிடி ‘நார்மல்’ என்கிறார்களே?
– வாசகர், ராயபுரம்

பதில்: மேலே சொன்ன கணக்குப்படி 3.2 வருகிறது, மஜ்ஜை ஈடுகொடுக்கிறது, அணுக்கள்தான் உடைகின்றன. எல்டிஹெச், இண்டைரக்ட் பிலிருபின் (அணுக்கள் உடைந்தால் இவை ஏறும்), கூம்ப்ஸ் (உடம்பின் எதிர்ப்பொருளே அணுக்களைத் தாக்குகிறதா என்று பார்ப்பது), ஸ்மியர் (நுண்ணோக்கியில் அணுக்களின் உருவம் பார்ப்பது) ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஜி6பிடி என்பது சிவப்பணுவைக் காக்கும் என்சைம்; அது குறைவாக இருப்பவர்களுக்குப் பிரைமாகுயின் அணுக்களை உடைத்துவிடும். அது நார்மல் என்பதை மட்டும் இப்போது நம்ப வேண்டாம். என்சைம் குறைந்த வயதான அணுக்கள் உடைந்துபோய், என்சைம் அதிகமுள்ள இளம் அணுக்களே மிஞ்சியிருக்கும். இரண்டு, மூன்று மாதம் கழித்துத் திரும்பச் சோதியுங்கள். அதுவரை பிரைமாகுயினை அவர் தொடவே கூடாது. எந்த டாக்டரிடம் போனாலும் இந்த ரிப்போர்ட்டை முதலில் காட்டுங்கள்.