சைக்கிள் பயணம்: வாசகர் கேள்வி

கேள்வி: ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்கிலிருந்து இத்தாலியின் கிராடோ வரை கார் தொல்லையில்லாமல் சைக்கிளில் போக முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். இவ்விரு ஊர்களையும் இணைக்கும் ஆல்ப்பே ஆட்ரியா சைக்கிள் பாதை சுமார் 410 கி.மீ.; ஒரு வாரம் ஒதுக்குங்கள். சால்சாக் ஆற்றோரம் சுகமாகத் தொடங்கும். காஸ்டைன் பள்ளத்தாக்கில்தான் மூச்சு வாங்கும். பெக்ஸ்டைனில் சைக்கிளோடு ரயிலேறி, சுரங்கம் கடந்து மால்நிட்ஸில் இறங்க வேண்டும். மலையைச் சைக்கிளில் தாண்டியே தீருவேன் என்ற வீம்பு வேண்டாம்!

மால்நிட்ஸுக்குக் கீழே நீண்ட இறக்கம். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிடுங்கள். பிரேக் கட்டைகளை முந்தைய இரவே பாருங்கள். கட்டையில் உள்ள பள்ளக் கோடுகள் தேய்ந்து மறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

இத்தாலியின் தார்விசியோவுக்குப் பிறகு வருவதுதான் இந்தப் பாதையின் உச்சம். பழைய ரயில் தடத்தின் மேலேயே தார்ப்பாதை, இரும்புப் பாலங்கள், ரயில் சுரங்கங்கள். ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் சரிவு மிதமானது. சுரங்கத்துக்குள் நுழையுமுன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, விளக்கைப் போடுங்கள். கியூசாஃபோர்தேயின் பழைய ரயில் நிலையம் இப்போது சைக்கிள்காரர்களின் காபிக்கடை.

டயர் 35 மி.மீ. அகலம் போதும்.