மின்சார லாரி பேட்டரியைத் திரவத்தில் மூழ்கடித்தால் ஷார்ட் ஆகாதா?

ஆகாது. ஊற்றுவது தண்ணீர் இல்லை, மின்சாரம் கடத்தாத ஒரு வகை எண்ணெய். டிரான்ஸ்ஃபார்மருக்குள் சுருள்கள் எண்ணெயில் ஊறிக் கிடக்கின்றனவே, அதே சங்கதிதான்.

வழக்கமாக, பேட்டரியின் சூட்டைத் தணிக்க, அதிலுள்ள செல்களுக்கு (சிறு மின்கலங்களுக்கு) அடியில் ஒரு உலோகத் தகடு இருக்கும். அதற்குள் கிளைகால் (உறைவதைத் தடுக்கும் திரவம்) கலந்த தண்ணீர் ஓடும். செல்லின் அடிப்பக்கம் குளிரும், மேல்முனை சூடாகவே கிடக்கும். வேகமாகச் சார்ஜ் ஏற்றும்போது இந்த வித்தியாசம்தான் வில்லன்: சூடான செல் சீக்கிரம் தேய்ந்து, மொத்த பேக்கையும் பின்னுக்கு இழுக்கும். எண்ணெயோ செல்லைச் சுற்றித் தொட்டுக்கொண்டே நகர்வதால் சூடு சீராக வெளியேறும். ஒரு செல் தீப்பிடிக்கப் போனாலும் பக்கத்து செல்லுக்குத் தாவுவது குறையும்.

சரி, சும்மா கிடைக்குமா? தண்ணீரோடு ஒப்பிட்டால் எண்ணெய் கிலோவுக்குப் பாதி வெப்பத்தைத்தான் சுமக்கும். எடையும் ஏறும். அப்புறம், ஒரு செல்லை மாற்றவே எண்ணெயை வடிக்க வேண்டும்; மெக்கானிக் முணுமுணுப்பார்.