காசிமேட்டில் மீன் ஏற்றும் பழைய பிக்கப் வண்டி. தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. பட்டி (ஓட்டையை அடைக்கும் பசை) வைத்து அடைத்தால் போதுமா?

போதாது. பட்டி வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அடியில் துரு தின்றுகொண்டேதான் இருக்கும். அடுத்த மழைக்குள் அதே இடத்தில் கொப்புளம் கிளம்பும்.

முதலில் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு வண்டிக்கு அடியில் போங்கள். ஓட்டையைச் சுற்றி ஒரு சாண் தூரம் குத்திப் பாருங்கள். 'டங்' என்றால் தகரம் நன்றாக இருக்கிறது. 'சொத்' என்று இறங்கினால் அதுவரை வெட்டித்தான் ஆக வேண்டும். என் வண்டியில் உள்ளங்கை அளவுதான் என்று நினைத்தேன்; டிங்கர் (வண்டித் தகர வேலை செய்பவர்) வெட்டி முடித்தபோது முறம் அளவு!

வெட்டிய இடத்தில் அதே கனத் தகரத்தை வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். அதற்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் டீசல் பைப் போகிறதா என்றும் பாருங்கள். வெல்டிங் முடிந்து துருவைத் தேய்த்து எடுத்த அன்றே ஜிங்க் பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடித்துவிட வேண்டும். நம் கடல் காற்றில் வெறும் இரும்பை ஒரு ராத்திரி விட்டால் காலையில் செம்மண் நிறம்தான். அப்புறம் இணைப்புகளுக்கு தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலன்ட், மேலே பெயிண்ட்.

வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸே அடுக்கடுக்காக உரிந்து வந்தால் கதை வேறு. பாரம் முழுவதும் அதன் மேல்தான். சேஸிஸ் வேலை தெரிந்தவரிடம் காட்டாமல் லோடு ஏற்றாதீர்கள்.

மூல காரணம் மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர். உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். லோடு இறக்கியதும் நல்ல தண்ணீரில் கழுவி, தரையின் வடிகால் ஓட்டைகளில் அடைத்திருக்கும் செதிலைக் குச்சியால் குத்தி எடுத்துவிடுங்கள்.