டெலஸ்கோப் வாங்கியாச்சு, அப்புறம்?

கேள்வி: 114 மி.மீ. டெலஸ்கோப் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. நிலா, வியாழன், சனி எல்லாம் பார்த்தாச்சு. ஆண்ட்ரோமீடா கேலக்ஸியைத் தேடினால் மங்கலாக ஒரு அழுக்குத்தான் தெரிகிறது, அதுவும் கரண்ட் போன ராத்திரியில். விற்றுவிடலாமா சார்?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: விற்காதீர்கள். விற்றாலும் பாதி விலைகூடத் தேறாது. சென்னை வெளிச்சத்தில் கேலக்ஸியைத் துரத்துவது வீண் வேலை, அதற்கு ஜவ்வாது மலைப் பக்கம் போக வேண்டும். காவலூரில் ஆய்வுக்கூடம் அமைத்தவர்கள் சும்மா அங்கே போகவில்லை. ஆனால் தெருவிளக்கு, முழுநிலா, எதிர்வீட்டு மாடி டியூப்லைட் இது எதுவும் பெரிதாகக் கெடுக்க முடியாத ஒரு விஷயம் வானத்தில் இருக்கிறது. அதுதான் இரட்டை விண்மீன்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் நட்சத்திரம் ஐபீஸில் (நாம் கண் வைக்கும் வில்லையில்) இரண்டாகப் பிரியும். கேலக்ஸியின் ஒளி பரவிக் கிடப்பதால் வான வெளிச்சத்தில் கரைந்துபோகும். நட்சத்திரத்தின் ஒளி ஒரே புள்ளியில் குவிந்திருப்பதால் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான் காரணம்.

எங்கே ஆரம்பிப்பது? பஞ்சாங்கத்திலேயே ஆரம்பிக்கலாம். அசுவினி என்று நாம் சொல்லும் இடத்தில், மேஷத்தின் தலைப்பக்கம், காமா ஏரியட்டிஸ் என்று ஒன்று இருக்கிறது. ராபர்ட் ஹூக் 1664-இல் ஒரு வால்மீனைத் தொடர்ந்துகொண்டிருந்தபோது தற்செயலாக இது இரண்டு என்று கண்டார். ஏறக்குறைய ஒரே பிரகாசம் உள்ள இரண்டு வெள்ளைப் புள்ளிகள், நடுவில் 7 விகலைக்குக் கொஞ்சம் கூடுதலான இடைவெளி. (ஒரு பாகையில் 3600 விகலை. வியாழன் நமக்கு மிக அருகில் வரும்போது அதன் தட்டு 45 விகலைக்கு மேல் இருக்கும், அதை வைத்து அளவைப் புரிந்துகொள்ளுங்கள்.) அசுவினி தேவர்கள் இரட்டையர்கள் என்பது தெரியும்தானே? அவர்களுக்கு உரிய இடத்தில் இப்படி ஒரு ஜோடி இருப்பது தற்செயல்தான், கண்ணால் பார்த்து யாரும் இதைப் பிரித்திருக்க முடியாது. இருந்தாலும் முதல் தடவை பார்க்கும்போது சிரிப்பு வரும்.

புனர்பூசத்தின் இரண்டு பெரிய நட்சத்திரங்களில் ஒன்றான காஸ்டர், சுமார் 5 விகலை இடைவெளியில் இரண்டாகப் பிரியும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல உயரத்தில் இருக்கும். மகத்துக்குப் பக்கத்தில் உள்ள அல்ஜீபா மஞ்சள் ஜோடி. அனுஷத்தில் உள்ள பீட்டா ஸ்கார்ப்பியை மே முதல் ஆகஸ்ட் வரை பாருங்கள், 13 விகலைக்கு மேல் இடைவெளி, உங்கள் கருவிக்கு ரொம்ப சுலபம்.

இதில் காஸ்டர் எனக்குத் தனிப்பிரியம். வில்லியம் ஹெர்ஷல் இந்த ஜோடிகளை அளக்க ஆரம்பித்ததே வேறு கணக்கில்: ஜோடியில் ஒன்று அருகிலும் மற்றொன்று வெகுதூரத்திலும் இருக்கும், பூமி சூரியனைச் சுற்றும்போது அருகில் உள்ளது கொஞ்சம் ஆடும், அதை வைத்து தூரத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தார். இருபது வருஷத்துக்கு மேல் அளந்த பிறகு பார்த்தால் அந்த ஆட்டம் கிடைக்கவில்லை, காஸ்டரின் இரண்டு நட்சத்திரங்களும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தன. 1803-இல் அதை வெளியிட்டார். சூரியக் குடும்பத்துக்கு வெளியேயும் ஈர்ப்பு விசை வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் கண்ணால் பார்த்த சாட்சி.

கேள்வி: டெலஸ்கோப் பெட்டியில் 675 மடங்கு என்று அச்சடித்திருக்கிறது. அந்த அளவு வைத்தால் நட்சத்திரம் பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது. மாடல் பழுதா?
– வாசகர், திருப்பூர்

பதில்: மாடல் பழுதில்லை, பெட்டிதான் பொய். கணக்கு இப்படி: கண்ணாடியின் குவியத் தூரம் 900 மி.மீ., அதை 4 மி.மீ. ஐபீஸால் வகுத்தால் 225, அதோடு 3 மடங்கு பார்லோ (உருப்பெருக்கத்தைக் கூட்டும் துணை வில்லை) ஒன்றைச் செருகினால் 675. கணக்கு சரிதான், ஆனால் கண்ணாடியின் விட்டத்துக்கு (மி.மீ. கணக்கில்) இரண்டு மடங்குக்கு மேல் போனால் படம் பெரிதாகுமே தவிர புதிதாக எதுவும் தெரியாது. உங்களுடையது 114 மி.மீ. என்றால் 230-ஐத் தாண்டுவதில் அர்த்தமில்லை. முதலில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டு நட்சத்திரத்தை நடுவில் கொண்டுவாருங்கள், அப்புறம் 10, அப்புறம் தேவைப்பட்டால் 6. அந்த 4 மி.மீ. ஐபீஸையும் 3 மடங்கு பார்லோவையும் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடலாம்.

எவ்வளவு நெருக்கமான ஜோடியைப் பிரிக்க முடியும் என்பதற்கு டாஸ் என்ற ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு சூத்திரம் கொடுத்தார்: 116-ஐக் கண்ணாடியின் விட்டத்தால் வகுங்கள். 114 மி.மீ. கருவிக்கு ஏறக்குறைய 1 விகலை, 70 மி.மீ. கருவிக்கு 1.7. இரண்டும் ஒரே பிரகாசம், காற்று அசையவே இல்லை என்றால்தான் இது. ஒன்று பிரகாசமாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால் கதை வேறு.

காற்றுதான் உண்மையான எதிரி. நல்ல இரவில் 150 மடங்கில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை வைத்துப் பாருங்கள்: நடுவில் பொட்டு மாதிரி சின்னதாக ஒரு வட்டம், அதைச் சுற்றி மெல்லிய ஒரு வளையம், சில சமயம் வெளியே இன்னொன்று. அந்த வட்டம் நட்சத்திரத்தின் உண்மையான உருவம் இல்லை, ஒளி அலை கண்ணாடியின் விளிம்பில் செய்யும் வேலை. மோசமான இரவில் அதே நட்சத்திரம் கொதிக்கும் உலைநீராகத் துள்ளும், வளையம் துண்டு துண்டாகும். அப்போது கருவியைத் திட்டாமல் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருங்கள். நடுநடுவே ஒரு நொடி, அரை நொடி எல்லாம் அடங்கும், அந்த நேரத்தில் ஜோடி சட்டென்று பிரிந்து தெரியும். இரட்டை விண்மீன் பார்ப்பது என்பதே பெரும்பாலும் அந்த அரை நொடிக்குக் காத்திருப்பதுதான்.

மொட்டை மாடி தளம் பகல் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரி பத்து மணிவரை விட்டுக்கொண்டே இருக்கும், அதனால் ஏழு மணிக்கே படியேறி "ஒன்றும் தெரியவில்லை" என்று இறங்கிவிடாதீர்கள். ஏ.சி. வெளிப்பெட்டிக்கு மேலாகப் பார்க்க வேண்டாம். ஏ.சி. அறையிலிருந்து கருவியை எடுத்து வந்தால் குறைந்தது அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகு கண்ணை வையுங்கள். அதற்குப் பிறகும் நட்சத்திரம் ஒரு பக்கம் வால் விட்டது மாதிரி இருந்தால் கண்ணாடிகள் நேர்கோட்டில் இல்லை, பின்பக்கத் திருகுகளைச் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: கல்யாணத்தில் பார்க்கச் சொல்லும் அருந்ததியும் வசிட்டரும் உண்மையிலேயே ஒன்றையொன்று சுற்றுகின்றனவா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டும் நம்மிடமிருந்து 80 ஒளியாண்டுக்குச் சற்று அப்பால், ஒரே திசையில் ஒன்றாக நகரும் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவை. ஒன்றையொன்று சுற்றினாலும் ஒரு சுற்றுக்கு லட்சக்கணக்கில் ஆண்டுகள் ஆகும், அதைப் பார்த்து யாரும் சொல்லப்போவதில்லை. சுவாரசியம் வசிட்டரிடம்தான். டெலஸ்கோப்பில் அவரே இரண்டாகப் பிரிவார், 14 விகலை இடைவெளி. காஸ்டெல்லி என்பவர் 1617-இல் கலிலியோவுக்கு எழுதி இதைப் பார்க்கச் சொன்னார், கலிலியோவும் அளந்து வைத்தார். பிறகு அந்த இரண்டில் ஒவ்வொன்றும் இரண்டிரண்டு என்று நிறமாலையில் தெரிந்தது; அருந்ததிக்கும் மங்கலான ஒரு துணை இருப்பது 2009-இல் தெரியவந்தது. ஆக மொத்தம் ஆறு. புரோகிதர் பகல் பன்னிரண்டு மணிக்குக் காட்டும்போது இந்தக் கணக்கெல்லாம் எடுக்காதீர்கள், பாவம் அவர். மார்ச்சிலிருந்து ஜூன் வரை, இருட்டிய பிறகு வடக்கே பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு பாதிரியார் முக்கியமான நட்சத்திரத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். நிஜமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: நிஜம். உங்கள் ஊரில் கடற்கரைச் சாலையில் ஒரு பலகையாவது வைத்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் முணுமுணுப்பு. பெயர் ழான் ரிஷோ, பிரெஞ்சு ஏசு சபைக்காரர். சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) போன குழுவில் இருந்தவர், 1688-இல் அங்கே ஆட்சி கவிழ்ந்ததும் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். 1689 டிசம்பரில் இங்கிருந்து ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பக்கத்தில் இருந்த ஆல்ஃபா சென்டாரியை எட்டிப் பார்த்தார், அது இரண்டாக இருந்தது. ஹூக்குக்கும் வால்மீன், இவருக்கும் வால்மீன்! சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரக் குடும்பம் அதுதான் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. தூரம் கண்டுபிடிக்கப்பட்டது அதற்கு நூற்றைம்பது வருஷம் கழித்துத்தான். 4.4 ஒளியாண்டு.

அந்த ஜோடி ஒரு சுற்றை முடிக்கக் கிட்டத்தட்ட 80 வருஷம் எடுத்துக்கொள்கிறது. ரிஷோ பார்த்த நாளிலிருந்து நான்கு சுற்று முடித்து ஐந்தாவதில் இருக்கிறது. 2016 வாக்கில் நம் பார்வையில் மிக நெருங்கி 4 விகலைக்கு வந்தது, இப்போது விலகிக்கொண்டிருப்பதால் ஒவ்வொரு வருஷமும் சுலபமாகும். மே மாத நடுவில் இரவு பதினொரு மணிக்கு, ஜூன் நடுவில் ஒன்பது மணிக்கு, நேர் தெற்கே அடிவானத்திலிருந்து 17 பாகை உயரத்தில் இருக்கும். மேற்குப் பக்கம் சற்றுத் தள்ளி இன்னொரு பிரகாசமான நட்சத்திரமும், அதையும் தாண்டி திரிசங்கும் (தென்சிலுவை) தெரிந்தால் அதுவேதான். ஐரோப்பாவில் இருப்பவர்கள் காசு கொடுத்தாலும் வீட்டிலிருந்து பார்க்க முடியாது. நமக்கு மாடிப்படி ஏறினால் போதும், தெற்கே தென்னை மரம் மறைக்காமல் இருந்தால்.

கேள்வி: அல்பிரியோ என்ற இரட்டை விண்மீனில் ஒன்று நீலம் என்கிறார்கள். என் பையனுக்கு நீலமாம், எனக்கு வெள்ளை.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டு பேரும் சரி. நிறத்தைப் பாதி மூளைதான் போடுகிறது. பெரியது பொன்மஞ்சளாக இருப்பதால் பக்கத்தில் இருப்பது இன்னும் நீலமாகத் தெரியும். வயதானால் கண்வில்லை மஞ்சளிப்பதும் ஒரு காரணம். ஐபீஸைக் கொஞ்சமே கொஞ்சம் குவியம் தப்ப வைத்துப் பாருங்கள், நிறம் கூடும்.

கேள்வி: பார்த்துப் பார்த்து என்ன பயன்? நாமும் அளக்க முடியுமா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: முடியும். கோடு போட்ட ஐபீஸ் ஒன்று வேண்டும். முதலில் அந்தக் கோடுகளின் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கருவியை வானத்தோடு திருப்பும் மோட்டார் இருந்தால் அதை நிறுத்திவிட்டு, நட்சத்திரம் அளவுகோலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தானாக நகர எத்தனை நொடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் பாருங்கள். வான நடுக்கோட்டில் உள்ள நட்சத்திரம் நொடிக்கு 15 விகலை நகரும், வடக்கே தெற்கே போகப்போகக் குறையும் (நடுவரை விலக்கத்தின், அதாவது வான நடுக்கோட்டிலிருந்து நட்சத்திரம் தள்ளியிருக்கும் கோணத்தின், கொசைனால் பெருக்குங்கள்). நகர்ந்த விகலையை அளவுகோலில் உள்ள பிரிவுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பிரிவுக்கு எத்தனை விகலை என்று வந்துவிடும், ஜோடிக்கு நடுவில் எத்தனை பிரிவு என்று எண்ணி அதோடு பெருக்கினால் இடைவெளி. பலமுறை எடுத்துச் சராசரி பாருங்கள், ஒரே தடவை எடுத்த அளவை நம்பவே கூடாது.

எச்சரிக்கைக்கு ஒரு சென்னைக் கதை. நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் தலைவர் கேப்டன் ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்ற ஜோடியின் அளவுகள் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்பதைக் கவனித்து, அங்கே ஒரு கோள் இருக்கக்கூடும் என்று 1855-இல் அறிவித்தார். வேறொரு நட்சத்திரத்துக்குக் கோள் என்று அளவுகளை வைத்துச் சொன்ன முதல் சிலரில் அவரும் ஒருவர், அதுவும் நம் ஊரிலிருந்து! பின்னால் வந்த அளவுகளில் அந்தக் கோள் தங்கவில்லை. மனுஷன் அளந்ததில் கொஞ்சம் தவறு இருந்தாலும் கேட்ட கேள்வி சரிதான் என்பேன். அந்த ஜோடி ஆகஸ்டில் இரவு ஒன்பது மணிக்கு ஏறக்குறைய தலைக்கு மேல் இருக்கும், சிறிய கருவியிலேயே பிரியும்.

கேள்வி: மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கிறது. துடைக்கலாமா?
– வாசகர், கடலூர்

பதில்: துணியால் தேய்க்கவே தேய்க்காதீர்கள், பூச்சு போய்விடும். ஐபீஸ்களை மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்து மறுபடி போடுங்கள். ராத்திரி பனி படிந்த கருவியை அப்படியே மூடி வைப்பதுதான் பூஞ்சைக்கு விருந்து, காய்ந்த பிறகு மூடுங்கள்.

கேள்வி: என்னிடம் 150 மி.மீ. இருக்கிறது. சிரியஸின் துணை தெரியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஆசை பெரிது, ஆனால் தப்பில்லை. 1862-இல் ஆல்வன் கிளார்க் தன் புது லென்ஸைச் சோதிக்கும்போது பிடித்தது அது. இடைவெளி இப்போது 11 விகலையை ஒட்டி இருக்கிறது, 50 ஆண்டுச் சுற்றில் இதுதான் நல்ல காலம். இடைவெளி தாராளம்தான், பிரகாசத்தில்தான் சிக்கல்; பெரியது சின்னதைவிட ஒன்பதாயிரம் மடங்குக்கு மேல் ஒளிர்கிறது, அந்தக் கூச்சத்தில் துணை மூழ்கிவிடும். உங்களுக்கு ஒரு சாதகம், கோவையில் சிரியஸ் 60 பாகைக்கு மேல் ஏறும், லண்டன்காரருக்கு அதில் பாதி உயரம்கூட ஏறாது. நேராக அதில் இறங்காமல் முதலில் பக்கத்தில் ஓரியனின் ரைஜலைப் பாருங்கள். அதன் துணை 9 விகலைக்கு மேல் தள்ளி இருக்கிறது, பிரகாச வித்தியாசமும் இவ்வளவு கொடுமை இல்லை. ரைஜலின் துணை முயற்சியே இல்லாமல் கண்ணில் படுகிற இரவு எதுவோ, அந்த இரவில் கருவியைச் சிரியஸ் பக்கம் திருப்புங்கள். அதற்கு முன்னால் திருப்பினால் கண்தான் வலிக்கும்.