முருங்கையிலையை நிறுத்தவேண்டாம்

அன்புள்ள அக்கா,
அப்பாவுக்கு 67 வயது. இரண்டு வருடமாகப் பார்க்கின்சன் நோய். மூளையில் இரும்பு சேர்ந்து அழற்சி உண்டாவதால்தான் இந்த வருத்தம் என்று ஏதோ வீடியோவில் கேட்டுவிட்டு முருங்கையிலை, ஈரல், மீன் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். மெலிந்துகொண்டே போகிறார். அதில் உண்மை உண்டா?
ஒரு வாசகர், காரைதீவு

அன்புள்ள தம்பி,

வீடியோவில் சொன்னது முழுப் பொய் இல்லை. அதனால்தான் அப்பா நம்பியிருக்கிறார்.

நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று ஒரு கறுத்த பகுதி உண்டு. இந்த நோயில் அழிவது, உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற பொருளை அங்கே செய்யும் நரம்புக்கலங்கள். அந்த இடத்தில் இரும்பு கூடியிருப்பதை இறந்தவர்களின் மூளையிலும் எம்ஆர்ஐ படத்திலும் கண்டிருக்கிறார்கள். மைக்ரோக்லியா என்ற காவல் கலங்கள் அங்கே கிளர்ந்து நிற்பதை 1988இல் மெக்கீர் என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டினார்கள். இரண்டும் ஒன்றையொன்று தூண்டிவிடும். காவல் கலங்கள் கக்கும் அழற்சிப் பொருட்களால் நரம்புக்கலத்துக்குள் இரும்பு கூடுதலாக நுழைகிறது, வெளியேறும் வழி அடைபடுகிறது. உள்ளே தேங்கிய இரும்பு கலத்தின் கொழுப்புச் சவ்வை அரிக்கிறது. கலம் செத்தால் அதன் கறுப்புச் சாயம் இரும்பையும் சுமந்துகொண்டு வெளியே சிந்தும். காவல் கலங்கள் இன்னும் மூர்க்கமாகும்.

ஆனால் அந்த இரும்பு கறிச்சட்டியிலிருந்து நேரே போனதல்ல. குடலும், இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பும் அளந்துதான் உள்ளே விடும்.

சரி, மருந்தால் இரும்பை இழுத்தெடுத்தால்? அதையும் செய்து பார்த்தார்கள். தலசீமியாக்காரருக்குக் கொடுக்கும் இரும்பிறக்கி மருந்தான டெஃபெரிப்ரோனை, லெவோடோபா (மூளையில் டோபமைனாக மாறும் மருந்து) இன்னும் தொடங்காத 372 பார்க்கின்சன் நோயாளரை வைத்து 36 வாரம் சோதித்தார்கள். முடிவு 2022இல் வந்தது. ஸ்கானில் இரும்பு குறைந்தது. நோயோ, மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களைவிட மோசமானது. டோபமைனைச் செய்யும் நொதிக்கே இரும்பு தேவை என்பதை நினைத்தால் காரணம் ஓரளவு விளங்கும்.

கல்லடியில் என் அம்மா ஒன்பது வருடம் இந்த வருத்தத்தோடு இருந்தார். சும்மா மடியில் கிடக்கும் வலது கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் திருநீறு கசக்குவது போல உருண்டுகொண்டே இருக்கும். காலையில் லெவோடோபாவையும் இரும்புக் குளிசையையும் ஒரே மிடறில் விழுங்குவார். பத்து மணியாகியும் கால் நகராது. இரும்பு குடலிலேயே லெவோடோபாவைப் பிடித்துக்கொள்ளும், இரண்டு மணிநேரமாவது இடைவெளி விடுங்கள் என்று ஒரு மருந்தாளர் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நேரத்தை மாற்றினோம். அடுத்த வாரம் தானாக எழும்பிக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றினார். அந்தக் காலை எனக்கு மறக்காது.

அப்பாவுக்கு மத்தியானம் முருங்கையிலைச் சுண்டலும் மீனும் கொடுங்கள். மீனின் புரதமும் லெவோடோபாவோடு போட்டி போடும்; அவர் அந்த மருந்தை எடுப்பவரென்றால் சாப்பாட்டுக்கு அரை மணிநேரம் முன்பே கொடுக்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது எத்தனை கிலோ குறைந்திருக்கிறார் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள்.