நைரோபில 3 நாள், மாராவுக்கு ஒரே நாள் ட்ரிப் வேண்டாம்

அம்மாவோட நைரோபி வர்றீங்க, கையில 3 நாள் இருக்கு, மசாய் மாரா வனவிலங்கு சரணாலயத்துக்கு காலைல போய் ராத்திரி திரும்பிடலாமான்னு கேட்டிருந்தீங்க, தயவுசெஞ்சு வேண்டாங்க. ரோட்ல ஒரு வழிக்கே 5-6 மணி நேரம், அம்மா முதுகு தாங்காது. மாரா போயே ஆகணும்னா வில்சன் ஏர்போர்ட்ல இருந்து சின்ன பிளேன்ல போங்க, முக்கால் மணி நேரம்தான், செலவு ஜாஸ்தி, ஆனா 2 ராத்திரியாவது அங்கயே தங்கணும்.

பட்ஜெட் இடிக்குதுன்னா நைரோபி நேஷனல் பார்க்குக்கு விடிகாலைலயே போயிடுங்க, சிங்கம், காண்டாமிருகம் எல்லாம் ஊரை ஒட்டியே இருக்கு, யானை மட்டும் கிடையாது, அதுக்கு ஷெல்ட்ரிக்னு நைரோபில இருக்கிற அநாதை யானைக்குட்டி காப்பகத்துல காலைல 11 மணிக்கு குட்டி யானைங்க பால் குடிக்கிறத பாக்கலாம், முன்னாடியே புக் பண்ணிடுங்க. அடுத்த நாள் நைவாஷா ஏரி, ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான், போட்ல நீர்யானை பாத்துட்டு கிரசென்ட் தீவுல ஒட்டகச்சிவிங்கிங்க மேயுற இடத்துலயே மெதுவா நடக்கலாம், அம்மாவுக்கு இதுதான் ரொம்ப பிடிக்கும்னு எனக்கு தோணுது.